பழைய வேகக் காருக்கு மாற்று றேடியேற்றர்: ஒரு தெரிவின் பௌதிகமும் சமூகமும்

1. தோற்றுவாய்

பழைய காரொன்றின் றேடியேற்றர் பழுதுற்றால் அதன் இடத்தில் எதனைப் பொருத்துவது என்பது ஓர் ஆய்விதழின் பக்கங்களில் இடம்பெறத்தக்க விடயமா எனச் சிலர் வினவக்கூடும். அக்கார் வேகத்துக்கென்றே வடிக்கப்பட்டு, பெரும்பாலும் வசதி படைத்தோரின் கைகளிலே புழங்கியதாயின் அவ்வினா மேலும் கூர்மையடையும். ஆயினும், தொழினுட்பப் பொருட்களைப் பற்றிய அறிவு எவ்வாறு உருவாகின்றது, எவ்வாறு திரிக்கப்படுகின்றது, அதன் விலையை யார் செலுத்துகின்றனர் என்னும் வினாக்கள் இத்தகைய சிறிய தெரிவுகளிலேதான் தம்மைத் தெளிவாக வெளிக்காட்டுகின்றன என நாம் கருதுகின்றோம்.

இன்று பழைய வேகக் கார்களுக்கான உறுப்புச் சந்தையில் மிகப் பரவலாகக் கேட்கும் கூற்று ஒன்றுண்டு: செப்பும் பித்தளையும் கொண்ட பழைய றேடியேற்றரைக் கழற்றிவிட்டு அலுமினியத்தினாலானதைப் பொருத்தினால் இயந்திரம் குளிர்ந்துவிடும் என்பதே அது. இக்கூற்று முற்றிலும் பொய்யன்று. ஆனால் அது ஒரு தொகுதியின் இயக்கத்தை ஓர் உலோகத்தின் பெயராகச் சுருக்கிவிடுகின்றது. இச்சுருக்கத்தை அவிழ்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு எடுத்துக்காட்டாக இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே தயாரிக்கப்பட்ட ஜகுவார் ஈ-ரைப் காரை எடுத்துக்கொள்கின்றோம். இத்தெரிவுக்குக் காரணம் உண்டு. அலுமினியத்துக்கும் செப்புக்குமிடையிலான வழக்கு இக்காரின் வரலாற்றிலேயே ஒருமுறை நிகழ்ந்து முடிந்துள்ளது. அதன் தீர்ப்பு இன்றைய விளம்பரங்கள் கூறுவதற்கு நேர்மாறாக அமைந்தது.

2. ஈ-ரைப் காரின் வரலாற்றுச் சான்று

1961 மார்ச்சில் ஜெனீவாக் கண்காட்சியில் அறிமுகமான ஈ-ரைப், 1974 வரை உற்பத்தி செய்யப்பட்டது. முதலில் வந்த வகை 3.8 லீற்றர் கொள்ளளவுடைய ஆறு உருளை இயந்திரத்தைக் கொண்டிருந்தது. அதற்கு 265 குதிரைவலு எனத் தயாரிப்பாளர் அறிவித்தனர். உருளைகளைக் கொண்ட அடிக்கட்டை வார்ப்பிரும்பாலும், அதன்மேல் அமரும் உருளைத்தலை அலுமினியக் கலப்புலோகத்தாலும் ஆனவை. இவ்விரு உலோகங்களின் சேர்க்கை பின்னர் நாம் கூறப்போகும் ஓர் ஆபத்துக்கு அடிப்படையாகும்.

காரின் உடலை வடிவமைத்த மல்கம் சேயர் விமானத் தொழிற்றுறையிலிருந்து வந்தவர். காற்றின் தடையைக் குறைப்பதே அவரது நோக்கமாதலால் காரின் முகப்பிலே சிறிய நீள்வட்ட வாயொன்று மட்டுமே காற்றை உள்வாங்க விடப்பட்டது. அக்காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றில் விசிறியை இயந்திரமே பட்டிமூலம் சுழற்றியது. ஈ-ரைப் காரிலோ தொடக்கத்திலிருந்தே மின் விசிறி பொருத்தப்பட்டது.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். தொடக்ககால 3.8 லீற்றர் கார்களின் றேடியேற்றர் அலுமினியத்தினால் ஆனது. மார்ஸ்ரன் எக்செல்சியர் நிறுவனம் அதனைத் தயாரித்தது. 1964 இல் 4.2 லீற்றர் இயந்திரம் வந்தபோது தொழிற்சாலை அலுமினியத்தைக் கைவிட்டுச் செப்பு றேடியேற்றருக்கு மாறியது. 1968 இல் இரண்டாம் தொடர் வெளிவந்தபோது முகப்பு வாய் பெரிதாக்கப்பட்டது. ஒரு விசிறிக்குப் பதிலாக இரண்டு விசிறிகள் பொருத்தப்பட்டன. ஆக, வெப்பச் சிக்கலைத் தீர்க்கும் பொருட்டுத் தொழிற்சாலை மேற்கொண்ட மாற்றங்கள் செப்பை நோக்கியும், அதற்குப்பின் காற்றை நோக்கியும் சென்றன, அலுமினியத்தை நோக்கியல்ல. இதனைக் கொண்டு செப்பே என்றும் உயர்ந்தது என முடிவுசெய்வதும் முன்னைய தவற்றின் மறுபக்கமே ஆகும். அன்றைய அலுமினிய இணைப்பு முறைகளும் இன்றையவையும் ஒன்றல்ல. உலோகத்தின் பெயர் தன்னளவில் எதனையும் தீர்மானிப்பதில்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.

3. வெப்பக் கணக்கு

உலோகம் தீர்மானிப்பதில்லையெனின் எது தீர்மானிக்கின்றது? இதற்கு விடைகாண வெப்பத்தின் வரவு செலவை நோக்குதல் வேண்டும். பெற்றோல் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 32 மெகாயூல் சக்தி அடங்கியுள்ளது. ஈ-ரைப் போன்ற காரொன்று மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி, மணித்தியாலத்துக்கு 15 லீற்றர் பெற்றோலை எரிக்கின்றது எனக் கொள்வோம். அப்பொழுது எரிபொருளிலிருந்து வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 133 கிலோவாற்று ஆகும். இத்தகைய பழைய இயந்திரங்களில் எரிபொருட் சக்தியில் மூன்றிலொரு பங்குவரை குளிர்நீருக்குச் செல்லலாம். எனவே றேடியேற்றர் ஏறத்தாழ 40 கிலோவாற்று வெப்பத்தை இடையறாது காற்றுக்குக் கையளிக்கவேண்டும்.

நீர் றேடியேற்றரைக் கடக்கும்போது அதன் வெப்பநிலை 8 பாகை செல்சியஸ் குறைகின்றது எனின், இவ்வெப்பத்தைக் காவுவதற்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 1.2 கிலோகிராம், அதாவது நிமிடத்துக்கு 72 லீற்றர் நீர் பாயவேண்டும். இதே வெப்பத்தை வாங்கும் காற்று 30 பாகை சூடேறுகின்றது எனின், செக்கனுக்கு 1.3 கிலோகிராம் காற்று தேவைப்படும். நீரின் திணிவுக்கும் காற்றின் திணிவுக்கும் இடையே பெரிய வேறுபாடில்லை. ஆனால் 1.3 கிலோகிராம் காற்று ஒரு கன மீற்றருக்கும் மேற்பட்ட இடத்தை அடைக்கும். அத்துணைக் காற்றும் ஒவ்வொரு செக்கனும் ஒரு சிறிய வாயினூடாக நுழைந்து, மெல்லிய செதில்களிடையே ஊடுருவி, இயந்திர அறையைவிட்டு வெளியேறவேண்டும். சிக்கலின் மையம் நீரில் அன்று, காற்றிலேயே உள்ளது என்பது இதனாற் புலனாகும்.

கார் நெரிசலில் நின்று இயந்திரம் மட்டும் ஓடும் நிலையையும் கணிப்போம். அப்பொழுது மணித்தியாலத்துக்கு 2 லீற்றர் எரிகின்றது எனின், குளிர்நீர் பெறும் வெப்பம் 6 கிலோவாற்று அளவிலேயே இருக்கும். ஓடும்போது உள்ளதில் இது ஏறத்தாழ ஏழிலொரு பங்குதான். எனினும் பழைய கார்கள் மிகுதியாகச் சூடேறுவது நெரிசலிலேயே. காரணம் வெளிப்படையானது: முன்னேறும் வேகத்தினால் கிடைத்த காற்று முற்றாக நின்றுவிட, விசிறி ஒன்றே எஞ்சுகின்றது, அது வலுவற்றதாயின் அந்தச் சிறிய வெப்பமும் வெளியேற வழியின்றித் தேங்குகின்றது. இந்நிலையில் மேலும் தடித்த றேடியேற்றரைப் பொருத்துவது, காற்று செல்லும் வழியை இன்னும் அடைப்பதாகவே முடியலாம்.

4. றேடியேற்றரின் இயல்பு

றேடியேற்றர் என்னும் பெயரே சற்றுத் தவறான எண்ணத்தைத் தருகின்றது. கதிர்வீசல்மூலம் அது இழக்கும் வெப்பம் மிகச் சிறிதே. மேற்காவுகைமூலமே பெரும்பகுதி வெளியேறுகின்றது. இவ்வுண்மையை நடைமுறையில் உணர்ந்தோருள் வில்ஹெல்ம் மேபாக் முக்கியமானவர். எமில் ஜெலினெக்கின் வேண்டுகோளின்பேரில் அவர் வடிவமைத்த 35 குதிரைவலு மேர்சிடிஸ் கார் 1901 இல் ஓட்டப்பந்தயங்களில் வெற்றியீட்டியபோது, அதன் முகப்பில் 8070 சிறு குழாய்களாலான தேன்கூட்டு றேடியேற்றர் இருந்தது. காற்றுத் தொடும் மேற்பரப்பைப் பெருக்குவதே அதன் அடிப்படைத் தத்துவம். இன்றைய றேடியேற்றர்களும் இத்தத்துவத்தையே வேறு வடிவிற் பின்பற்றுகின்றன.

பொதுவாக ஒரு றேடியேற்றர் இரு தொட்டிகளையும், அவற்றை இணைக்கும் அகணியையும் கொண்டது. திருத்துநர்கள் கோர் எனக் கூறும் இவ்வகணியே வெப்பமாற்றம் நிகழும் இடமாகும். தட்டையான குழாய்களினூடே நீர் பாய்கின்றது. குழாய்களிடையே உள்ள மெல்லிய செதில்களினூடே காற்றுப் பாய்கின்றது. வெப்பம் நீரிலிருந்து குழாயின் சுவருக்கும், அங்கிருந்து செதிலுக்கும், செதிலிலிருந்து காற்றுக்கும் செல்லவேண்டும். இப்பாதையிலுள்ள தடைகளுள் மிகப் பெரியது செதிலுக்கும் காற்றுக்கும் இடையிலுள்ளதே.

செப்பின் வெப்பக் கடத்தாறு ஏறத்தாழ 400 அலகு. அலுமினியத்தினது 237 அலகு. இதனைக் கண்டு செப்பே வெல்லும் எனச் சிலர் வாதிடுவர். ஆனால் பழைய றேடியேற்றரின் குழாய்கள் தூய செப்பாலானவை அல்ல, பித்தளையாலானவை. பித்தளையின் கடத்தாறு 120 அளவினதே. செதிலையும் குழாயையும் ஒட்டும் ஈயப் பற்றாசினது அதனினும் குறைவு. எனினும் குழாயின் சுவர் ஒரு மில்லிமீற்றரின் சிறு பின்னமேயாதலால், அது தரும் தடை காற்றுப்பக்கத் தடையில் ஆயிரத்திற் சில பங்கேயாகும். ஆதலாற் கடத்தாறுகளை ஒப்பிட்டு நடத்தும் வாதம் இருசாராருக்கும் பயன்தருவதன்று.

அலுமினியத்தின் உண்மையான நன்மைகள் வேறிடத்தில் உள்ளன. அதன் அடர்த்தி செப்பினதில் மூன்றிலொரு பங்கிலும் குறைவு. எனவே நிறை குறைகின்றது. மேலும் அலுமினியக் குழாய்களை அகலமாக அமைக்கலாம். அரை அங்குலக் குழாய்கள் நான்கு வரிசை செய்யும் வேலையை ஓர் அங்குலக் குழாய்கள் இரண்டு வரிசையிற் செய்யக்கூடும். குழாயும் செதிலும் உலையிலே ஒருங்கே பற்றவைக்கப்படுவதால் அவற்றிடையே ஈயப் பற்றாசு என்னும் இடைப்பொருளும் இல்லை. இவை நன்றாகச் செய்யப்பட்ட அலுமினிய றேடியேற்றருக்கே பொருந்தும். மலிவாகச் செய்யப்பட்டதில், செதில்கள் குழாயுடன் சரிவரப் பொருந்தாது வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும் நிலையும் ஏற்படலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரேபோல மின்னும்.

5. குறையை இனங்காணல்

மாற்று உறுப்பைத் தெரிவதற்கு முன்னர், பழையது உண்மையிலேயே குற்றவாளியா என விசாரிப்பது இன்றியமையாதது. சூடேறல் எந்நிலையில் நிகழ்கின்றது என்பதே முதல் வினா.

நெரிசலிற் சூடேறி, நெடுஞ்சாலையிற் குளிருமாயின் குறை பெரும்பாலும் காற்றிலேயே உள்ளது. விசிறியின் வலு, அதனை இயக்கும் வெப்ப ஆளி, மின்னிணைப்புகள், விசிறிக்கும் அகணிக்கும் இடையிலுள்ள கூடு ஆகியவற்றை நோக்கவேண்டும். றேடியேற்றரைச் சுற்றியுள்ள இடைவெளிகள் அடைக்கப்படாவிடின் காற்று அகணியைத் தவிர்த்து எளிய வழியாற் சென்றுவிடும். நின்ற நிலையில் சூடான காற்றே மீண்டும் முன்புறம் வந்து சேரும். சில இறப்பர்ப் பட்டிகள் செய்யும் வேலையை விலையுயர்ந்த றேடியேற்றர் செய்யமாட்டாது.

நெடுஞ்சாலையிற் சூடேறி, மெதுவாகச் செல்லுகையிற் குளிருமாயின் ஐயம் நீரோட்டத்தின் மீதும் அகணியின் மீதும் விழும். குழாய்களில் உப்புப்படிவு, உறிஞ்சும் பக்கத்து இறப்பர்க் குழாய் வேகத்தில் உட்குழிதல், தேய்ந்த பம்பி, முழுதும் திறவாத வெப்பநிலை வால்வு என்பன இதற்குக் காரணமாகலாம். இங்கு ஓர் எளிய சோதனை உண்டு. றேடியேற்றரினுள் நுழையும் நீரினதும் வெளியேறும் நீரினதும் வெப்பநிலைகளை அளத்தல் வேண்டும். வேறுபாடு மிகப் பெரிதாயின் நீர் போதிய அளவு பாயவில்லை என்பது கருத்து. வேறுபாடு சிறிதாயிருந்தும் இயந்திரம் கொதிக்குமாயின் நீர் நன்றாகப் பாய்கின்றது, ஆனால் வெப்பம் காற்றுக்குச் செல்லவில்லை என்பது கருத்து. அகணியின் பரப்பெங்கும் வெப்பநிலையை அளந்து குளிர்ந்த திட்டுகளைக் கண்டால், அங்குள்ள குழாய்கள் அடைபட்டுள்ளன என அறியலாம்.

ஒழுக்கின்றி, அடைப்புமின்றி இருக்கும் றேடியேற்றரும் முதுமையினாற் பயனற்றுப் போவதுண்டு. பல்லாண்டு ஈரத்தினாற் செதிலுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள பற்றாசு அரிக்கப்பட, செதில் வெறும் அலங்காரமாக எஞ்சுகின்றது. கையால் வருடும்போது பொடியாக உதிரும் செதில்கள் இதற்குச் சான்று.

றேடியேற்றருக்கு வெளியேயும் காரணங்கள் உள. தீப்பொறி பிந்தி விழுதல், எரிபொருட் கலவை ஐதாதல், உருளைத்தலை அடைப்பினூடாக எரிவாயு நீரினுட் கசிதல், வார்ப்பிரும்பினுள்ளே பதினாயிரக்கணக்கான மைல்களிற் படிந்த துருச்சேறு ஆகியவை அவற்றுட் சில. அக்காலப் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் வெப்பமானிக்கு மின்வழங்கும் நிலைப்படுத்தி பழுதுற்றால், குளிர்ந்த இயந்திரமும் கொதிப்பதாகக் காட்டப்படும். அளவீடின்றிச் செய்யப்படும் கொள்வனவு, நோயறியாது கொடுக்கும் மருந்தேயாகும்.

இவ்வெச்சரிக்கை வெறும் சிக்கனத்தைப் பற்றியதன்று. அலுமினியம் சூடேறி விரியும் அளவு வார்ப்பிரும்பினதிலும் ஏறத்தாழ இருமடங்கு. உருளைத்தலை அலுமினியமாகவும் அடிக்கட்டை இரும்பாகவும் உள்ள இயந்திரம் ஒருமுறை கடுமையாகக் கொதித்தாலும், தலை வளைந்து அடைப்பு முறியக்கூடும். தவறான உறுப்பில் நம்பிக்கை வைத்தவர் இறுதியில் இயந்திரத்தையே இழக்க நேரிடலாம்.

6. தெரிவுக்குரிய வழிகள்

விசாரணையின் முடிவில் றேடியேற்றரே குற்றவாளி எனத் தெளிந்தால், நம்முன் நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, உள்ளதைத் திருத்துதல். ஒழுக்கு ஓரிரு இடங்களில் மட்டும் இருந்து அகணி வலுவாக இருப்பின், தொட்டிகளைக் கழற்றி, குழாய்களைத் துப்புரவாக்கி, மீண்டும் பற்றாசிடுவதே போதுமானது.

இரண்டாவது, பழைய தொட்டிகளையும் சட்டத்தையும் வைத்துக்கொண்டு புதிய அகணியை இடுதல். வரலாற்றுப் பெறுமதியுடைய காருக்கு இதுவே பெரிதும் ஏற்றதென நாம் கருதுகின்றோம். வெளித்தோற்றமும் பொருத்துமிடங்களும் மாறுவதில்லை. அகணியில் இன்றைய செறிவான செதிலமைப்பைப் பயன்படுத்தலாம். வெப்பமாற்றும் பகுதி முற்றிலும் புதியதாகின்றது.

மூன்றாவது, பழைய வடிவத்தில் முழுவதும் புதிதாகச் செய்யப்பட்ட செப்பு றேடியேற்றர். பழைய தொட்டிகள் அரிக்கப்பட்டுப் போனவிடத்து இது பொருந்தும். 

நான்காவது, அலுமினிய றேடியேற்றர். ஓட்டப்பந்தயத்தில் ஈடுபடும் கார், வலுக்கூட்டப்பட்ட இயந்திரம், நிறையைக் குறைக்கவேண்டிய தேவை என்பன இருப்பின் இது நியாயமான தெரிவே. தொடக்ககால 3.8 லீற்றர் ஈ-ரைப் காருக்கோ அலுமினியமே மூலவடிவத்துக்கு உண்மையானது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

எவ்வழியைத் தெரிந்தாலும் சில வினாக்களை விற்பவரிடம் எழுப்புதல் வேண்டும். அகணியின் உயரமும் அகலமும் எவ்வளவு? முகப்புப் பரப்பைக் கூட்டுவது தடிப்பைக் கூட்டுவதிலும் மேலானது. ஏனெனில் பின்வரிசைக் குழாய்களுக்கு முன்வரிசைகள் சூடாக்கிய காற்றே கிடைக்கின்றது. வரிசைகளின் எண்ணிக்கையை மட்டும் கூறி விற்பவர் பாதி உண்மையையே கூறுகின்றார். குழாயின் அகலம் மற்றப் பாதியாகும். செதில்கள் அங்குலத்துக்கு எத்தனை? செறிவு கூடக்கூட மேற்பரப்புக் கூடும். அதேவேளை காற்றுத்தடையும், தூசியும் பூச்சியும் அடைக்கும் வாய்ப்பும் கூடும். வலுவற்ற மூல விசிறியையே தொடர்ந்து பயன்படுத்துவோருக்கு மிகச் செறிவான அகணி தீங்காகலாம்.

மூடியின் அமுக்கமும் கவனத்துக்குரியது. வளிமண்டலத்துக்கு மேலாகச் சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கம் கொடுக்கும் மூடி, நீரின் கொதிநிலையை ஏறத்தாழ 111 பாகைக்கு உயர்த்தும். 15 இறாத்தல் மூடி 121 பாகையளவுக்கு உயர்த்தும். இதனால் இயந்திரம் குளிர்வதில்லை. கொதித்தல் மட்டுமே பின்போடப்படுகின்றது. பழைய தொட்டியும் பழைய இறப்பர்க் குழாய்களும் தாங்குமாறு செய்யப்படாத அமுக்கத்தை அவற்றின்மீது சுமத்துவது வெடிப்பிலேயே முடியும்.

குளிர்திரவம் பற்றியும் ஒரு சொல். எதிலீன் கிளைக்கோலை நீருடன் சமபங்கு கலந்தால் அதன் வெப்பங்கொள்ளும் ஆற்றல் தூய நீரினதிலும் குறையும். உறைபனியற்ற நாடுகளில் அத்துணை கிளைக்கோல் தேவையில்லை. ஆனால் அரிப்பைத் தடுக்கும் சேர்மானங்கள் எங்கும் தேவை. இரும்பு, அலுமினியம், செப்பு, ஈயம் ஆகியன ஒரே நீரினால் இணைக்கப்படும்போது அது ஒரு மின்கலமாகவே தொழிற்படும். தெரிவுசெய்யும் சேர்மானம் ஈயப் பற்றாசுக்கு ஏற்றதா, அலுமினியத்துக்கு ஏற்றதா என நோக்கவேண்டும். அலுமினிய றேடியேற்றரைப் பொருத்தியபின், மின்கலவடுக்கின் எதிர்முனைக்கும் குளிர்நீருக்கும் இடையே மின்னழுத்தத்தை அளப்பது நன்று. அது வோல்ற்றின் பத்திலொரு பங்கிலும் மிகுமாயின், சீரற்ற புவித்தொடுப்பினால் மின்னோட்டம் நீரினூடாகச் செல்கின்றதா என ஆராயவேண்டும். அவ்வாறு செல்லின் புதிய உறுப்பு சில மாதங்களிலேயே துளைபடலாம். யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணக்கற் பிரதேசங்களின் கிணற்றுநீர் வன்மையானது. அதனை றேடியேற்றரில் இடுவோர் குழாய்களிற் கல்லை விளைவிக்கின்றனர். காய்ச்சி வடித்த நீரே உகந்தது.

7. திருத்தலும் மாற்றலும்: தொழிலாளரின் பக்கம்

இதுவரை பௌதிகத்தை நோக்கினோம். ஆனால் செப்பு றேடியேற்றருக்கும் அலுமினியத்துக்கும் இடையிலான மிக ஆழமான வேறுபாடு வெப்பத்தில் அன்று, உழைப்பின் அமைப்பிலேயே உள்ளது எனலாம்.

செப்பும் பித்தளையும் கொண்ட றேடியேற்றர் திருத்தப்படுவதற்கென்றே அமைந்தது. ஈயமும் வெள்ளீயமும் தக்க விகிதத்தில் கலந்த பற்றாசு 183 பாகையில் உருகும். ஒரு சிறு சுவாலை, ஓர் இரும்பு, அமிலம், அனுபவப்பட்ட ஒரு கை ஆகியவை இருந்தாற் போதும். ஆகவே உலகெங்கும் சிறிய திருத்தகங்கள் எழுந்தன. அறிவு தொழிலாளரிடம் தங்கியது. 1970களில் ஐரோப்பாவிலிருந்து பரவிய, அலுமினிய அகணியும் பிளாத்திக்குத் தொட்டியும் இணைந்த றேடியேற்றரோ வேறு தருக்கத்தைக் கொண்டது. தொட்டி அகணியுடன் மடித்து நெரிக்கப்படுகின்றது. அகணி அறுநூறு பாகையளவிலான உலையிலே பற்றவைக்கப்படுகின்றது. பிளாத்திக்கு வெடித்தால் முழுவதையும் வீசிவிட்டுப் புதியது வாங்கவேண்டும். திறன் தெருமுனைத் திருத்தகத்திலிருந்து தொழிற்சாலை உலைக்கு இடம்பெயர்ந்தது. திருத்துநர் பொருத்துநராக மாறினார்.

திருத்தக்கூடிய தன்மையின் பெறுமதியை எமது நாட்டின் அனுபவமும் உணர்த்தும். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை நிலவியபோது, பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அவை வேகக் கார்கள் அல்ல. எனினும் புதிய உறுப்பு வந்துசேர வழியற்ற இடத்தில், கையாலே திருத்தக்கூடிய உறுப்பே ஊர்தியின் ஆயுளை நிர்ணயிக்கின்றது என்பதற்கு அவை சாட்சி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்ட காலத்திலும், திருத்தலே இந்நாட்டின் வீதிகளை இயங்கவைத்தது.

ஆயினும் இவ்விடத்திலே நின்று பழைமையைப் போற்றிப் பாடிவிடலாகாது. அந்தத் திருத்தற் கலை தொழிலாளரின் உடலைத் தின்றே வளர்ந்தது. பற்றாசை உருக்கும்போதெழும் புகையும், அதனைச் சுரண்டும்போதெழும் தூசியும் ஈயத்தைக் கொண்டவை. றேடியேற்றர் திருத்தும் தொழிலாளரின் குருதியில் ஈயம் மிகுந்திருப்பது பல நாடுகளின் தொழிற்சுகாதார ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது. அது நரம்புகளையும் சிறுநீரகங்களையும் தாக்குகின்றது. உடையிற் படிந்த தூசியாக வீட்டுக்குச் சென்று குழந்தைகளையும் அடைகின்றது. ஈயத்துக்குத் தீங்கற்ற அளவு என ஒன்று அறியப்படவில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. கார்களுக்கான ஈயம் கலந்த பெற்றோல் 2021 இல் உலகின் கடைசி நாட்டிலும் விற்பனையினின்று நீங்கியது. மூடிய சிறு அறையிற் பற்றாசிடுபவனின் மூச்சிலிருந்து ஈயம் இன்னும் நீங்கவில்லை.

எனவே திருத்தலா, மாற்றலா என்னும் வினாவுக்கு வெறும் உணர்ச்சியால் விடைகூற இயலாது. திருத்தலை விரும்பும் கார் உரிமையாளன், அத்திருத்தம் எந்நிலையில் நிகழ்கின்றது எனவும் கேட்கக் கடமைப்பட்டவன். புகையை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு, கைகழுவ நீர், வேலை முடிந்ததும் மாற்றிக்கொள்ள உடை, குருதிப் பரிசோதனை என்பன ஆடம்பரங்கள் அல்ல. அவற்றுக்கான செலவு திருத்தக் கூலியில் உள்ளடங்கவேண்டும். மலிவான திருத்தம் என நாம் கொண்டாடுவது பலவேளைகளில் தொழிலாளி தன் உடலிலிருந்து கொடுத்த கழிவேயாகும். ஈயமின்றிச் செப்பையும் பித்தளையையும் உலையிற் பற்றவைக்கும் முறைகளும் 1990களில் விருத்திசெய்யப்பட்டன. திருத்தலும் உடல்நலமும் ஒன்றையொன்று மறுப்பன என்பது இயற்கையின் விதியன்று. முதலீடு எங்கே செல்கின்றது என்பதைப் பொறுத்தது அது.

8. முடிவுரை

சுருங்கக்கூறின், பழைய வேகக் காருக்கு றேடியேற்றர் தெரிவுசெய்வோர் முதலில் வெப்பம் எங்கே தேங்குகின்றது என அளந்தறிதல் வேண்டும். காற்றுக் குறைவாயின் விசிறியையும் கூட்டையும் சீர்செய்யவேண்டும். நீரோட்டம் தடைபடின் தடையை நீக்கவேண்டும். அகணி முதிர்ந்துவிட்டதாயின் அகணியை மாற்றவேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும் பேணப்பட்ட காருக்குப் பழைய தொட்டிகளிடையே புதிய அகணி போதுமானது. பந்தயக் காருக்கு நன்கு செய்யப்பட்ட அலுமினியம் தகும். இம்முடிவை உலோகத்தின் பெயரைக் கொண்டு முன்கூட்டியே எடுத்துவிட முடியாது.

பண்டமொன்றின் ஆற்றல் அப்பண்டத்தினுள்ளேயே உறைகின்றது என நம்பச்செய்வது சந்தையின் இயல்பு. உண்மையில் அது காற்று, நீர், உலோகம், உழைப்பு ஆகியவற்றிடையேயுள்ள உறவிலேயே பிறக்கின்றது. அவ்வுறவைக் காணப் பழகியவர் விளம்பரத்தால் எளிதில் ஏமாறார். தமது கார் குளிர்வதற்காக இன்னொருவர் நஞ்சைச் சுவாசிப்பதையும் கணக்கில் எடுக்காது விடார்.